அந்தக் காணொளியை நீக்கிவிட்டேன், ஊழியத்தையும் நிறுத்திவிடவா?

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா, நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். 2020 மார்ச்சில் ஆலயங்கள் மூடப்பட்டபோது, எங்கள் சபையின் முதியவர்களுக்காகத் தினமும் காலையில் நான்கு நிமிடத் தியானம் ஒன்றை என் குரலில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினேன். இன்று அந்தக் குரூப்பில் 240 பேர் இருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளாக யூடியூப் சேனலும் நடத்துகிறேன்.

சென்ற மாதம், வலிப்பு நோயிலிருந்து சுகம் பெற்ற பக்கத்து வீட்டுச் சிறுமியின் சாட்சியை, அவள் தாயின் சம்மதத்தோடு காணொளியாகப் போட்டேன். நான் போட்டவற்றில் அதைத்தான் மிக அதிகம் பேர் பார்த்தார்கள். ஆனால் பள்ளியில் பிள்ளைகள் அவளை 'வலிப்புக்காரி' என்று கேலி செய்யத் தொடங்கினார்கள். தாய் அழுதுகொண்டே வந்து நீக்கச் சொன்னார், அன்றே நீக்கிவிட்டேன். அதைப் பார்த்த ஒருவர் தொலைபேசியில் அழைத்து, தம் மகனுக்கும் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் ஜெபியுங்கள் என்று மட்டும் சொன்னேன். அதே வாரத்தில், பதினோரு ஆண்டுகளாக என்னோடு பணிபுரியும் இந்துத் தோழி என் ஸ்டேட்டஸ்களை மியூட் செய்துவிட்டார் என்று வேறொருவர் மூலம் தெரிந்தது. என் மகனோ, இனித் தியானங்களைச் செயற்கை நுண்ணறிவே எழுதித் தரும், உங்கள் குரலிலேயே பேசியும் தரும், ஏன் சிரமப்படுகிறீர்கள் என்கிறான். எல்லாம் இவ்வளவு வேகமாக மாறும்போது என் போன்றவர்கள் இணையத்தில் விசுவாசத்தைப் பகிர்வது சரிதானா? நிறுத்திவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இதை வாசிக்கத் தொடங்கும் முன் ஒரு காரியம் செய்துவிட்டு வாருங்கள். மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டவரின் எண் உங்கள் கைப்பேசியில் இருக்கும். அவரை இப்போதே அழைத்து, மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்த வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். வலிப்புக்கான மருந்தைத் திடீரென்று நிறுத்தினால், அதுவரை அடங்கியிருந்த வலிப்பு விடாமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். பக்கத்து வீட்டுச் சிறுமி இன்றும் மாத்திரை எடுத்துக்கொள்கிறாளா என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்துக்கொள்கிறாள் என்றால், காணொளியில் அது சொல்லப்படாமல் போனதே அவர் கேள்விக்குக் காரணமாக இருந்திருக்கும். ஜெபிப்பதும் மருந்து கொடுப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்று ஒரு விசுவாசியின் வாயிலிருந்து கேட்பது அந்தத் தகப்பனுக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நிறுத்த வேண்டாம். ஆனால் இதுவரை செய்ததை அப்படியே தொடரவும் வேண்டாம். ஆயராகவும், இறையியல் மாணவர்களுக்குத் தொடர்பியல் கற்பிப்பவனாகவும் நெடுங்காலம் பணியாற்றிய அனுபவத்தில் இதைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் மூன்று வெவ்வேறு பணிகள் ஒரே பெயரில் கலந்து கிடக்கின்றன. முதியவர்களுக்கு அனுப்பும் காலைத் தியானம் ஒன்று; ஊருக்கெல்லாம் காட்டும் காணொளி வேறு; தோழியின் கண்ணில் படும் ஸ்டேட்டஸ் முற்றிலும் வேறு. மூன்றுக்கும் ஊழியம் என்றே பெயர் வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் ஒன்றில் அடிபட்டதும் மூன்றையும் விட்டுவிடத் தோன்றுகிறது.

காணொளியைப் பற்றி முதலில் பேசுவோம். மாற்கு சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். அதில் சுகம் பெறுகிறவர்கள் மூன்று பேர். கல்லறைகளில் வாழ்ந்த மனிதனிடம், உன் வீட்டாரிடம் போய் உனக்கு நடந்ததைச் சொல் என்கிறார் இயேசு. அவன் போய்ச் சொல்கிறான். பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாட்டால், அதாவது நிற்காத இரத்தப்போக்கால், வருந்திய பெண் கூட்டத்தின் நடுவில் நடுங்கிக்கொண்டே தன் வாயால் உண்மை முழுவதையும் சொல்கிறாள். மூன்றாவதாக வருபவள் யவீருவின் மகள், பன்னிரண்டு வயதுச் சிறுமி. அங்கே மட்டும் அவர் கூட்டத்தை வெளியே அனுப்புகிறார். தாய் தகப்பனையும் மூன்று சீஷர்களையும் மட்டும் உள்ளே வைத்துக்கொள்கிறார். பிள்ளை எழுந்து நடந்த பிறகு, இதை ஒருவருக்கும் அறிவிக்க வேண்டாம் என்று உறுதியாகக் கட்டளையிட்டு, அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்று சொல்லி முடிக்கிறார். பெரியவர்கள் இருவரின் கதையை அவரவரே சொன்னார்கள். குழந்தையின் கதையை ஊருக்குச் சொல்ல யாருக்கும் அனுமதி தரப்படவில்லை. அவள் வளர்ந்து ஒரு நாள் தானே சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் இருந்திருக்கலாம், முடிவு அவளுடையது.

சாட்சி என்ற சொல்லின் பொருளே இதுதான். நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவர் தாம் கண்டதைத் தம் வாயால் சொல்வார். மற்றவருக்கு நேர்ந்ததை எடுத்துச் சொல்வது சாட்சியாகாது. தாயின் சம்மதம் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் நம்புகிறேன், நீங்கள் தீய எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை என்பதையும் அறிவேன். ஆனால் பிள்ளை பிழைத்த மகிழ்ச்சியில், ஜெபித்தவர்களுக்கு நன்றி சொல்லும் நேரத்தில், அந்தத் தாய் உங்களிடம் மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியுமா? நம் ஊரில் ஒரு பெண் குழந்தைக்கு வலிப்பு இருந்தது என்று தெரிந்தால், பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பெண் பார்க்க வருபவர்கள்கூட அதைக் கிளறுவார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். ஆலயத்தில் எழுந்து நின்று சொன்ன சாட்சி அங்கிருந்த இருநூறு பேரின் நினைவில் மெல்ல மங்கிவிடும். காணொளிக்கு அந்த இரக்கம் கிடையாது.

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். ஊரடங்கு நாள்களில், எங்கள் சபைக் குரூப்பில் தினமும் ஜெபக் குறிப்புகளை அனுப்புவது என் வேலையாக இருந்தது. ஒரு சகோதரியின் பெயரையும், அவருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் என்பதையும், அறுவைச் சிகிச்சை நடக்கும் நாளையும் எழுதி, ஊக்கமாய் ஜெபியுங்கள் என்று அனுப்பினேன். அவர் என்னிடம் கேட்டது ஜெபத்தை மட்டுமே. அந்தக் குறிப்பு மாலைக்குள் வேறு மூன்று குரூப்புகளுக்குப் போய், அவருடைய மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த வீட்டையும் எட்டியது. சிகிச்சை முடிந்து வந்த பிறகு அவர் என்னிடம் கோபப்படவில்லை. "ஐயா, என் பெயரைக் கர்த்தரிடம் மட்டும் சொல்லியிருக்கலாமே" என்றார். அன்றிலிருந்து எங்கள் குறிப்புகளில் பெயரும் நோயும் சேர்ந்து வருவதில்லை. 'அறுவைச் சிகிச்சைக்குச் செல்லும் நம் சகோதரி ஒருவருக்காக' என்று எழுதுகிறோம். யாருக்காக என்று கர்த்தருக்குத் தெரியும்.

உலகத் திருச்சபைகள் இதை யோசிக்காமல் இல்லை. 2011-ஆம் ஆண்டு உலகத் திருச்சபைகள் மன்றமும், வத்திக்கானின் பல்சமய உரையாடலுக்கான அவையும், உலக நற்செய்திக் கூட்டமைப்பும் இணைந்து, பல சமயங்கள் வாழும் உலகில் கிறிஸ்தவர்கள் எவ்வாறு சாட்சி பகர வேண்டும் என்பதற்கு ஒரு வழிகாட்டியை வெளியிட்டன. மற்றக் காரியங்களில் பெரிதும் வேறுபடும் இம்மூன்றும், சுகமளிக்கும் ஊழியத்தில் மக்களின் பலவீனத்தையும் தேவையையும் ஆதாயமாக்கிக்கொள்ளக் கூடாது என்பதில் ஒரே குரலில் பேசின. உங்கள் சேனலில் அதிகம் பேர் பார்த்தது ஒரு குழந்தையின் நோயை என்பதைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். எதில் பார்வையாளர் நீண்ட நேரம் நிற்கிறாரோ அதையே இன்னும் பலருக்குக் காட்டுவதுதான் அந்தத் தளம் இயங்கும் முறை. கண்ணீருக்கும் அதிசயத்துக்கும் அங்கே கூட்டம் சேரும். அந்தக் கூட்டத்தைத் தேவனுடைய ஒப்புதல் என்று நாம் எடுத்துக்கொள்ளத் தொடங்கினால், அடுத்த மாதம் இன்னொரு வீட்டின் துயரத்தைத் தேடிப் போக நேரும்.

நீக்கியதோடு வேலை முடியவில்லை. நீங்கள் நீக்கியது உங்கள் சேனலில் இருந்த பிரதியை மட்டும்தான். வாட்ஸ்அப்பில் 'அனைவருக்கும் நீக்கு' என்ற வசதி செய்தி அனுப்பிச் சுமார் இரண்டரை நாள்வரைதான் வேலை செய்யும். ஆகவே குரூப்பில் பகிர்ந்தவர்கள், பதிவிறக்கி வைத்தவர்கள் எல்லோரையும் அழித்துவிடும்படி நீங்களே கேட்க வேண்டும். வேறு சேனல் ஏதாவது எடுத்துப் போட்டிருந்தால், பெற்றோரின் சார்பில் யூடியூபுக்குத் தனியுரிமைப் புகார் அளிக்கலாம். அதற்குத் தாயோடு உட்கார்ந்து உதவுங்கள். வகுப்பாசிரியரிடம் பேசிக் கேலியை நிறுத்தவும் ஓர் ஆசிரியையாகிய உங்களால் முடியும். அந்த வீட்டுக்குப் போகும்போது கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மன்னிப்புக் கேட்கையில், நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்ற விளக்கத்தைச் சேர்க்காதீர்கள். சிறுமியிடமும் தனியே கேளுங்கள். அவளிடம் யாரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

உங்கள் தோழியைப் பற்றிய பகுதியைத்தான் நான் பலமுறை வாசித்தேன். அவர் உங்கள் எண்ணை அழிக்கவில்லை, சண்டையிடவில்லை. ஸ்டேட்டஸை மட்டும் மியூட் செய்திருக்கிறார். நட்பு கெட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அவர் அப்படிச் செய்திருக்கலாம். முன்பு பேருந்து நிலையத்தில் சுவிசேஷக் கைப்பிரதி கொடுத்தவர் வாங்குபவரின் முகத்தைப் பார்த்தார். வாங்கினாரா, தயங்கினாரா, வேண்டாம் என்று கையசைத்தாரா என்பது உடனே தெரிந்தது. ஸ்டேட்டஸ் வைக்கும் நமக்கு அந்த முகம் தெரிவதில்லை. அதனால் அவர் சலித்துப்போன பிறகும் நாள் தவறாமல் நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறோம்.

நம் மண்ணில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவர் காலத்தின் புதிய தொழில்நுட்பம் அச்சு. 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவையாக இருந்ததால் தாள் போதவில்லை; தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். இது பலரும் அறிந்த கதை. அதிகம் பேசப்படாத இன்னொன்றும் அதே ஆண்டுகளில் நடந்தது. தமிழர்களுக்குக் கடிதங்கள் எழுதி, உங்கள் வழிபாடு என்ன, உங்கள் மருத்துவம் என்ன, கிறிஸ்தவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டு, வந்த பதில்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஹாலேக்கு அனுப்பினார்கள். அங்கே அவை அச்சாகின. ஐரோப்பியக் கிறிஸ்தவர்களின் நடத்தையைக் கடுமையாகக் குறைகூறும் பதில்களும் அவற்றில் இருந்தன. சொல்வதற்கு ஓர் அச்சகத்தையே வைத்திருந்தவர்கள், எதிரே இருப்பவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு வாங்குவதற்கும் அத்தனை உழைத்தார்கள். சீகன்பால்க் தமிழர் சமயத்தைப் பற்றி எழுதியவை எல்லாவற்றோடும் நான் உடன்படவில்லை. ஆனாலும், கேட்கும் பழக்கத்தை அவரிடம் கற்றுக்கொள்ளலாம் என்று மாணவர்களுக்குத் தவறாமல் சொல்கிறேன்.

பதினோரு ஆண்டுகளில் உங்கள் தோழி கும்பிடும் தெய்வத்தைப் பற்றியும், அவர் எடுக்கும் விரதத்தைப் பற்றியும், துன்பம் வரும்போது அவர் எதைப் பற்றிக்கொள்கிறார் என்பதையும் எத்தனை முறை ஆர்வத்தோடு விசாரித்திருக்கிறீர்கள்? பேதுரு தம் முதல் நிருபத்தில், உங்களில் இருக்கிற நம்பிக்கையைக் குறித்து "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறார். அங்கே கேள்வி எதிர்த் தரப்பிலிருந்து வருகிறது. கேள்வி எழும்படி வாழ்வதும், எழும்போது அருகில் இருப்பதும் நம் பங்கு. மியூட் செய்ததைப் பற்றித் தோழியிடம் கேட்க வேண்டாம். அது அவரைக் கூண்டில் ஏற்றுவதாகும். ஓய்வறையில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வீட்டு நலத்தைக் கேளுங்கள்.

மொழியையும் கவனியுங்கள். கிருபை, இரட்சிப்பு, அபிஷேகம், வாக்குத்தத்தம் என்று எழுதும்போது நமக்குப் பாட்டி காலத்து ஆலயமணி கேட்கிறது. உங்கள் தோழிக்கு அது ஒரு வீட்டாரின் தனிப்பேச்சு. சபைக்குள்ளே அந்தச் சொற்களை விட வேண்டியதில்லை, நானும் விடமாட்டேன். ஆனால் வெளியே இருப்பவரிடம் பேசும்போது, நீங்களும் அவரும் வாழைப்பழம் வாங்கும்போது பேசும் தமிழிலேயே, 'அன்றைக்கு நான் மிகவும் பயந்துபோனேன், ஜெபித்தேன், பயம் போகவில்லை, ஆனால் தனியாக இல்லை என்று தோன்றியது' என்று சொன்னால் போதும். அப்படிச் சொல்லக் கூடியது உங்கள் சொந்த அனுபவமாக மட்டுமே இருக்க முடியும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக எழுதுகிறேன். அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, சமயத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்பும் உரிமை என்பது தன் சமயத்தின் கருத்துகளை எடுத்துரைக்கும் உரிமையே தவிர, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்பளித்தது. ஆகவே விசுவாசத்தைச் சொல்வதற்காக நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. பிற சமயத்தைப் பழித்துப் பேசும் ஃபார்வர்ட்களைக் குரூப்பில் ஒரு நிமிடமும் வைத்திருக்கக் கூடாது. அட்மின் என்ற முறையில் மற்றவர் போட்டதையும் நீங்கள் நீக்க முடியும். இன்னொன்றையும் பாருங்கள்: அந்த 240 பேரில் உங்கள் மாணவர்களோ அவர்களுடைய பெற்றோர்களோ இருக்கிறார்களா? இருந்தால், மதிப்பெண் போடும் ஆசிரியையின் குரூப்பிலிருந்து விலக அவர்கள் தயங்குவார்கள். அவர்களிடம் தனித்தனியே பேசி, விலகுவதை எளிதாக்குங்கள்.

உங்கள் மகன் சொல்வதையும் தள்ளிவிட வேண்டாம். தாயின் சிரமத்தைக் குறைக்க நினைக்கும் பிள்ளை அவர். எழுத்துப் பிழை பார்க்கவும், காது கேளாதவர்களுக்காகப் பேச்சை எழுத்தாக்கவும் அந்தக் கருவி பயன்படும். ஆனால் தியானத்தை அது எழுதும்போது என்ன நடக்கிறது என்று மாணவர்களோடு சோதித்துப் பார்த்தேன். ஒரே பத்தியில் 'கர்த்தர்', 'தேவன்' என்று வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பும், 'ஆண்டவர்', 'கடவுள்' என்று பொது மொழிபெயர்ப்பும் கலந்து வந்தன. ஒரு வசனத்துக்கு அதிகாரமும் எண்ணும் கொடுத்திருந்தது. வேதாகமத்தைத் திறந்தால் அந்த இடத்தில் வேறு வசனம் இருந்தது. சரிபார்த்தால் இவற்றைத் திருத்திவிடலாம் என்று மகன் சொல்வார், அதுவும் உண்மைதான். என் தயக்கம் குரலைப் பற்றியது. அந்த முதியவர்கள் காலையில் காத்திருப்பது, தங்களை அறிந்த ஒருவர் தங்களுக்காகப் பேசுகிறார் என்ற நம்பிக்கையில். இயந்திரம் செய்த குரலை உங்கள் குரல் என்று அனுப்புவது அவர்களிடம் பொய் சொல்வதாகும். தெரிந்த போதகர்களின் குரலைப் போலியாக உருவாக்கிக் காணிக்கை கேட்கும் மோசடிகள் வந்துவிட்டன. உங்கள் போலிக் குரலுக்கு அவர்களை நீங்களே பழக்கிவிட்டால், நாளை யாரோ ஒருவர் அதே குரலில் அவசரமாகப் பணம் கேட்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? நிஜம்போலத் தோன்றும்படி உருவாக்கியதை அப்படித்தான் உருவாக்கியது என்று அறிவிக்க வேண்டும் என யூடியூபும் 2024 மார்ச் முதல் கேட்கிறது.

சேனலை மூன்று மாதம் அப்படியே விட்டுவையுங்கள். புதிதாக எதுவும் ஏற்ற வேண்டாம். அந்த நேரத்தில் பழைய காணொளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, பிறருடைய நோயோ கடனோ குடும்பச் சண்டையோ யாருடைய முகத்தோடாவது வந்திருந்தால், அவரிடம் மறுபடி கேளுங்கள். 'அன்று சொன்னீர்கள், இன்றும் சம்மதமா?' என்ற கேள்விக்குத் தயக்கம் தெரிந்தாலே நீக்கிவிடுங்கள். குழந்தைகள் வருவதை, பெற்றோர் வற்புறுத்தினாலும், வைக்காதீர்கள்.

காலைத் தியானத்தை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். நீங்கள் பெருமையாகச் சொல்லாமல் போகிற போக்கில் எழுதிய அந்த நான்கு நிமிடம்தான் உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது. ஆலயத்துக்கு நடந்து போக முடியாத ஒருவர் கட்டிலருகே கைப்பேசியை வைத்துக்கொண்டு, பேரப்பிள்ளை அதை அழுத்தித் தரும்வரை காத்திருப்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பின்னால் சேவல் கூவுவதும் உங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடிப்பதும் பதிவில் விழுந்தால் விழட்டும். 240 பேரில் உண்மையாகவே வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பட்டியல் எடுங்கள். இருபதோ முப்பதோ இருக்கும். வாரத்துக்கு இரண்டு பேரை நீங்களே அழைத்து, அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். மகனையும் கூட வைத்துக்கொள்ளுங்கள், பார்வை மங்கியவர்களுக்குக் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுக்க அவரால் முடியும்.

ஜெபத்துடன்,
உங்கள் சகோதரன்